சீவுளியில் தொடங்கும் பாடம்

மரத்தளபாடங்களின் வரலாற்றை எழுதுவோர் மன்னரின் ஆசனத்தையும் மாளிகையின் அலங்காரத்தையும் விரிவாகப் பேசுவர். அவற்றைச் செய்த கைகள் எங்கே பயின்றன என்ற வினா அங்கு அதிகம் எழுவதில்லை. ஆசிரியன் என்ற வகையில் என்னை ஈர்ப்பது அந்த வினாவே.

சுவீடனின் புகழ்பெற்ற தளபாட வடிவமைப்பாளர் கார்ல் மால்ம்ஸ்டென் (1888 - 1972). 1916இல் ஸ்டொக்ஹோம் நகர மண்டபத்துக்கான தளபாடப் போட்டியில் வென்று அறிமுகமானவர். தலைநகரில் தொழிற்பள்ளி நடத்திய அவர், தம் முதுமையில் ஓலண்ட் தீவின் விக்கில்பி கிராமத்தில், 1960இல், கப்பெல்லாகோர்டன் என்னும் கைவினைப் பள்ளியை நிறுவினார். தச்சுடன் மட்பாண்டம், நெசவு, தோட்டக்கலை ஆகியனவும் அங்கு ஒரே வளவுக்குள் பயிற்றப்பட்டன.

மால்ம்ஸ்டெனின் ஸ்டொக்ஹோம் பள்ளியில் 1950களின் பிற்பகுதியில் பயின்றவர் ஜேம்ஸ் கிரெனோவ். 1920இல் சைபீரியாவில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, 1947இல் சுவீடனுக்குச் சென்றவர். முப்பது வயதைக் கடந்த பின்னரே தச்சு மாணவரானார். 1976இல் வெளிவந்த, தச்சுக்கலை பற்றிய அவரது முதல் நூல் அவரைப் பல நாடுகளுக்கும் அறிமுகம் செய்தது. 1981இல் கலிபோர்னியாவின் போர்ட் பிராக் என்ற சிறிய கடலோர ஊரில், ஒரு சமுதாயக் கல்லூரியின் கிளையாக, நுண்தளபாடப் பயிற்சிநெறியைத் தொடங்கினார்.

அங்கே மாணவன் முதலில் செய்வது கதிரையோ மேசையோ அல்ல; தன் சொந்தச் சீவுளியைத்தான் அவன் செய்ய வேண்டும். ஒரு மரக்கட்டையின் இரு பக்கங்களையும் அறுத்தெடுத்து, நடுப்பகுதியைச் சரிவாக வெட்டி, மீண்டும் ஒட்டி, அலகை ஆப்பினால் இறுக்குவர். அடிப்பாகம் சற்றுக் கோணினாலும் சீவல் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆசிரியர் பிழை சொல்லுமுன் கருவியே சொல்லிவிடுகிறது! கூரிய சீவுளி விட்டுச்சென்ற பரப்பின் உயிர்ப்பை அரத்தாள் மங்கச்செய்துவிடும் என்பது கிரெனோவின் எண்ணம். ஆகவே பலகையின் வரிகளை நெடுநேரம் பார்த்திருந்து, அவற்றுக்கு இசைவாக அலுமாரியின் வடிவத்தைத் தீர்மானிக்கும்படி கற்பித்தார்.

பரீட்சையில் புள்ளி குறைந்த பிள்ளையைத் தச்சுப் பட்டறைக்கு அனுப்பிவிடலாம் என்று பெற்றோர் கூறுவதை என் கிராமத்துப் பாடசாலையில் பலமுறை கேட்டிருக்கிறேன். போர்ட் பிராக்கிற்கோ பட்டம் பெற்றவர்களும் வேறு தொழில்களை விட்டவர்களும் தேடி வந்தனர். வாரத்தில் ஆறு நாட்கள் பட்டறையில் நின்றனர். எஞ்சியவர்களுக்கான இடமாக அவர்கள் அதைக் கருதவில்லை.

போர்ட் பிராக் மரம் அறுத்து வளர்ந்த ஊர். அவ்வூரின் பெரிய மர ஆலை 2002இல் மூடப்பட்டது. அதே ஆண்டில்தான் கிரெனோவும் ஓய்வுபெற்றார்; 2009இல் காலமானார். பயிற்சிநெறி 2017இல் மென்டொசினோ கல்லூரியின் கீழ் வந்து, அவர் பெயரையே தாங்கி நின்றது. மலைபோல் மரத்தை அறுத்துத் தள்ளிய ஆலை ஓய்ந்தது. ஒரு பலகையின் முன் பொறுமையாக நிற்கப் பழக்கிய பட்டறை நிலைத்தது. கல்வியின் பயனை அளக்க முற்படுவோர் சிந்திக்க வேண்டிய செய்தி இது.