தலைக்கு இவ்வளவு: ஏஜெண்டு கூலியின் வரலாறு

1

"விசாவுக்கு மொத்தம் எவ்ளோ ஆச்சு?" செங்கல்பட்டிலும் திருக்கழுக்குன்றத்திலும் மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரைக் குப்பங்களிலும் வளைகுடா போய்த் திரும்பியவர்களிடம் நான் கேட்டுவருகிற கேள்வி இது. ஒரே எண்ணாக யாரும் பதில் சொன்னதில்லை. "ஏஜெண்டாண்ட ஒரு தபா குடுத்தேன். மெடிக்கலுக்கு ஒரு தபா. டிக்கெட்டுக்குன்னு ஒரு தபா. நம்மூரு ஆளு ஒருத்தரு இட்டுகினு போனாரு, அவருக்குத் தனியா." வாங்கியவர் ரசீது கொடுப்பதில்லை; கொடுத்தவர் கேட்பதும் இல்லை. கேட்டால் விசா நின்றுபோகுமோ என்கிற பயம்.

ஆக, இது விலை எழுதி ஒட்டாத சரக்கு. இந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதைப் பேசாமல் 'போலி ஏஜெண்டு', 'ஏமாந்த கிராமத்து இளைஞர்' என்கிற தினசரிப் பத்திரிகைக் கதையாடலையே நாமும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை. போலியைப் பிடித்து உள்ளே வைத்தவுடன் அசல் நியாயமானதாகிவிடுகிறது. நான் பேச விரும்புவது அசலைப் பற்றி.

முதலில் அரசாங்கம் சொல்கிற கணக்கைப் பார்ப்போம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரின் அனுமதி வேண்டும். அதற்குக் கட்டணம் 200 ரூபாய். கட்டாயக் காப்பீடு இரண்டு ஆண்டுகளுக்கு 275, மூன்று ஆண்டுகளுக்கு 375. பாஸ்போர்ட்டுக்கு 1,500. பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 2009 விதிகளின்படி 45 நாள் சம்பளம், அதுவும் 20,000 ரூபாய்க்கு மிகாமல். பின்னர் இந்த உச்சவரம்பு 30,000 ஆனது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. இதற்கு ரசீது தர வேண்டும் என்பதும் விதி.

கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் தாராளம். ஆள் சேர்க்கிற செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக்கூடாது என்று கத்தாரின் 2004ஆம் ஆண்டுச் சட்டமும் ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கின்றன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. அதில் இந்தியா சேரவில்லை.

இத்தனை சட்டங்களுக்கு நடுவே லட்சக்கணக்கில் காசு கைமாறுகிறது. சட்டத்தில் உள்ள தொகைக்கும் கைமாறும் தொகைக்கும் இடையிலான இந்த வித்தியாசத்தைத்தான் ஒரு பிரதியைப் போல நாம் வாசிக்க வேண்டும்.

2

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையின் சுவர்கள் நிற்கின்றன. துணி வாங்க வந்த கம்பெனி அது. அதே கம்பெனி 17ஆம் நூற்றாண்டில், சோழமண்டலக் கரையில் பஞ்சம் தலைகாட்டிய காலங்களில், மனிதர்களையும் வாங்கி இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் கப்பலேற்றியது. அந்த வியாபாரத்தில் மனிதருக்கு ஒரு விலை இருந்தது. வாங்குகிறவன் கொடுத்தான், விற்கிறவன் பெற்றுக்கொண்டான். விற்கப்பட்டவரின் கையில் எதுவும் இல்லை. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை.

அடிமை முறை ஒழிந்த பிறகு ஒப்பந்தக் கூலி முறை வந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் கப்பல் அதுதான். ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங். நேட்டாலுக்குப் போன கப்பல்களின் பயணிகள் பட்டியலைப் பார்த்தால் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று வரிசையாகக் கட்டங்கள். ஜில்லா என்கிற கட்டத்தில் 'செங்கல்பட்டு' திரும்பத் திரும்ப வருகிறது. உடம்பின் தழும்பைக்கூட எழுதிவைத்த அதிகாரம், அந்த உடம்பைக் கொண்டுவந்து சேர்த்தவனுக்குத் தலைக்கு எவ்வளவு கிடைத்தது என்பதற்கு அந்தப் பட்டியலில் ஒரு கட்டம் போடவில்லை.

ஏஜெண்டுக்குக் கூலி கொடுத்தது தோட்ட முதலாளிகளின் தரப்பு. கப்பல் கட்டணமும் அவர்களுடையதே. அப்படியானால் கூலிக்காரருக்கு இலவசப் பயணமா? இல்லை. காசாகக் கொடுக்காததை அவர் வருடங்களாகக் கொடுத்தார். ஐந்து வருடம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் அங்கேயே இருக்க விரும்பினால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி என்று நேட்டால் அரசாங்கம் 1895இல் சட்டம் போட்டது. பத்து ஷில்லிங் கணக்கில் பார்த்தால் அது ஆறு மாதச் சம்பளம். 1913இல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலைநிறுத்தம் செய்துதான் அந்த வரியை ஒழிக்க முடிந்தது; 1914இல் அது நீங்கியது.

ஏன் போனார்கள் என்று கேட்பதற்கு முன்னால், இங்கே என்ன இருந்தது என்று கேட்கலாம். மாமல்லபுரத்துக்கு மேற்கே ஓடுகிற பக்கிங்ஹாம் கால்வாயில் 1877-78இல் நடந்த வேலை பஞ்ச நிவாரண வேலை. அந்தப் பஞ்சத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் வெட்டிக் குறைத்த நிவாரணக் கூலி, நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். இந்த நிலைமையில் 'சோறு போட்டுக் கூட்டிப்போகிறேன்' என்கிறவனின் சொல் எவ்வளவு பெரியதாகக் கேட்டிருக்கும்! ஒப்பந்தத்தில் வைத்த கைநாட்டை 'சுதந்திரமான சம்மதம்' என்று ஆவணம் பதிவு செய்துகொண்டது.

இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் வெளியாள் அல்ல, சொந்தக்காரர் மாதிரி, 'நம்மூரு ஆளு'. முன்பணம் கொடுத்து ஊர்க்கடனை அடைத்து மீட்டுக்கொண்டு போவார். இலங்கையில் அந்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக்கொடுக்கிற சீட்டு அது. கடன் என்ற பெயரில் மனிதருக்கு மறுபடி விலை வந்துவிட்டது. 1921இல் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

மலேயாவில் 1907இல் தமிழ்க் குடிவரவு நிதி அமைந்தது. தமிழர்களை வேலைக்கு வைக்கிற முதலாளிகள் எல்லோரும் அதற்கு வரி கட்ட வேண்டும். கப்பல் செலவு, முகாம் செலவு, கங்காணியின் ஆள் சேர்ப்புத் தொகை எல்லாம் அந்த நிதியிலிருந்து. நாகப்பட்டினத்தில் ஒரு முகாம், அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஆவடியில் இன்னொரு முகாம். இதை வெள்ளைக்காரனின் கருணை என்று எண்ண வேண்டாம். ரப்பருக்கு ஆள் போதவில்லை. ஒருவன் செலவழித்துக் கூட்டிவந்த ஆளை இன்னொருவன் இழுத்துக்கொண்டு போனான். அந்தத் தகராறைத் தீர்க்க முதலாளிகள் செலவைப் பொதுவாக்கிக்கொண்டார்கள். கங்காணியின் பிடி தோட்டத்தில் அப்படியே இருந்தது. உதவி பெற்றுச் செல்லும் இந்தக் குடிபெயர்வை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது.

3

இந்தக் கரையில் பேச வேண்டிய இன்னொன்று நிலம். செங்கல்பட்டு என்றால் மிராசு. 1818இலேயே எல்லிஸ் மிராசு உரிமை பற்றித் தனி நூல் எழுதும் அளவுக்கு அது இங்கே ஊன்றியிருந்தது. தரிசு நிலத்தில்கூட மிராசுதாருக்கே முன்னுரிமை. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கை, பறையர்கள் கடனால் படியாட்களாகக் கட்டுண்டு கிடந்ததையும், குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லாததையும் பதிவு செய்தது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணையே பஞ்சமி நிலத்துக்கு வழி செய்தது. அந்த நிலங்கள் பிற்பாடு எப்படியெல்லாம் கைமாறின என்பது நம் வாசகர்களுக்குத் தெரிந்த கதை. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள்.

இதற்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம்? நிலம் இருந்திருந்தால் படியாள் கங்காணியின் முன்பணத்துக்குக் கை நீட்டியிருக்க மாட்டார். ஒரு கடனிலிருந்து இன்னொரு கடனுக்கு மாறுவதே அவருக்கு விடுதலையாகத் தெரிந்தது. ஏஜெண்டு கூலி என்று நாம் சொல்வது ஒரு சேவையின் விலை மட்டுமில்லை. ஊரில் மற்ற கதவுகள் எல்லாம் மூடிக் கிடப்பதற்கான வாடகை அது. கதவை மூடியவன் ஒருவன். வாடகை வசூலிப்பவன் இன்னொருவன்.

4

இப்போது வரிசையைப் பாருங்கள். அடிமைக்கு விலையைக் கொடுத்தவன் வாங்கியவன். ஒப்பந்தக் கூலிக்கு ஏஜெண்டு செலவைக் கொடுத்தவன் தோட்டக்காரன். கங்காணி ஆளுக்கு முன்பணம், பின்னால் கடன். இன்றைக்கோ, தன்னைப் பிடித்துக் கொடுக்கிறவனுக்கான கூலியைப் பிடிபடுகிறவரே முன்கூட்டிக் கட்டுகிறார். ஏறக்குறைய நூறு வருடத்தில் அம்பு திரும்பி நம்மைப் பார்த்து நிற்கிறது.

காரணம் எளியது. அன்று ஆள் பற்றாக்குறை, இன்று வேலைக்குப் பற்றாக்குறை. வளைகுடாவில் வேலை தருகிறவருக்குக் கிடைக்கும் விசா அனுமதியே ஒரு சரக்காகிவிட்டது. அங்கே ஒருவர் விற்கிறார், மும்பையிலோ சென்னையிலோ ஒருவர் வாங்குகிறார், ஊரில் ஒருவர் கூவுகிறார். பதிவு பெற்ற ஏஜெண்டு ஆக 50 லட்சம் ரூபாய் வரை வங்கி உத்தரவாதம் வேண்டும். நம்மூரு ஆளுக்கு அதெல்லாம் கிடையாது; 1983 சட்டத்தில் துணை ஏஜெண்டு என்கிற பிறவியே இல்லை. வேலையெல்லாம் நடப்பது அவர் மூலமாக, பொறுப்பு மட்டும் யாரிடமும் இல்லை. சட்டத்தின் கண்ணில் படாத இந்த மனிதர்தான் பழைய கங்காணியின் வாரிசு.

இதில் பெரிய கேலி, அதிகக் காசு வாங்குகிற விசாவுக்கு 'ஃப்ரீ விசா' என்று பெயர் வைத்திருப்பது. குறிப்பிட்ட முதலாளி இல்லை, போய் எங்கே வேண்டுமானாலும் வேலை தேடிக்கொள்ளலாம் என்பார்கள். பிடிபட்டால் சட்டவிரோதம். பாட்டாளி இரண்டு விதத்தில் 'சுதந்திரமானவர்' என்று மார்க்ஸ் சொன்னார்: உழைப்பை விற்கச் சுதந்திரம், உற்பத்திச் சாதனம் எதுவும் இல்லாத 'சுதந்திரம்'. ஃப்ரீ விசாக்காரருக்கு மூன்றாவதாக ஒன்று சேர்கிறது. அவரைப் பாதுகாக்க எந்தக் காகிதமும் இல்லாத சுதந்திரம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏஜெண்டுக்கு ஒரு லட்சம், மூணு வட்டிக்கு வாங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 3,000. இரண்டு வருட ஒப்பந்தம் முடிகிறபோது வட்டி மட்டும் 72,000, அசல் அப்படியே. சம்பளம் பாக்கி, வேறு வேலை, வேறு முதலாளி, எது நடந்தாலும் அவர் திரும்ப முடியாது. அவரை அங்கே கட்டிப்போடுவது ஊரில் இருக்கிற இந்தக் கடன். துண்டுச் சீட்டு 1921இல் ஒழிந்தது என்கிறோம். அது அடகுக்கடைச் சீட்டாக உருமாறியிருக்கிறது.

இதே கரையிலிருந்து வேறு விதமாகப் போகிறவர்களும் உண்டு. 1957இல் சிற்பக் கல்லூரி தொடங்கிய மாமல்லபுரத்திலிருந்து மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்கா என்று கோயில் கட்டப் போய் வந்த சிற்பிகளிடம் பேசியிருக்கிறேன். விசாவும் டிக்கெட்டும் அழைக்கிற கோயில் நிர்வாகத்தின் செலவு என்றார்கள். கல்லில் வேலை தெரிந்தவர் குறைவு, அதனால் தேடி வருகிறார்கள். யார் கட்டணம் கட்டுவது என்பதைத் தீர்மானிப்பது நியாயமோ சட்டமோ அல்ல, பேரம் பேசும் பலம்தான் என்பதற்குப் பக்கத்துத் தெருவிலேயே சாட்சி இருக்கிறது.

5

தனியாளாக நிற்பவருக்கு இந்தப் பலம் வராது. எனவே அமைப்புகளாக இயங்குகிற நாம் செய்ய வேண்டியவை சில. ஏஜெண்டின் பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதிருக்கச் சொல்ல வேண்டும். கொடுப்பதை வங்கி வழியாக, ரசீதோடு கொடுக்கச் சொல்ல வேண்டும். வேலை ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துக் காட்ட ஊருக்கு ஓர் ஆளாவது வேண்டும். திரும்பி வந்தவர்களின் செலவை, தபா தபாவாகக் கொடுத்த ஒவ்வொன்றையும், எழுதிச் சேர்க்க வேண்டும். கப்பல் பட்டியலில் இல்லாத அந்தக் கட்டத்தை நாம்தான் போட வேண்டும்.

அதற்கும் மேலே ஒரு கோரிக்கை. ஏஜெண்டு எவ்வளவு வாங்கலாம் என்று உச்சவரம்பை உயர்த்திக்கொண்டே போவது பேரத்தில் ஏஜெண்டின் பக்கம் உட்காருவது. தொழிலாளி கொடுக்க வேண்டியது பூஜ்யம், வேலை தருகிறவர் கொடுக்கட்டும் என்பதே நம் நிலைப்பாடாக இருக்க வேண்டும். 'நடக்கிற காரியமா இது?' என்று கேட்பவர்களுக்கு ஆவடி முகாமை நினைவூட்டலாம். அன்று ரப்பர் முதலாளிகள் தங்கள் லாபத்துக்காக ஏற்றுக்கொண்ட ஒரு செலவை, இன்று நம் உரிமையாகக் கேட்டு வாங்கக் கூச்சப்பட ஒன்றுமில்லை.