கழுத்து நரம்பைக் காத்த வரலாறு

மனித உடலிலே கழுத்தைப் போல நெருக்கமான இடம் வேறொன்று காண்பது அரிது. அங்கே ஏழு சிறிய முள்ளெலும்புகள் அடுக்காக அமைந்துள்ளன. அவற்றின் நடுவே, ஏறத்தாழ நம் சுண்டுவிரல் பருமனில் தண்டுவடம் இறங்குகிறது. கையை உயர்த்துவதும், காலை எடுத்து வைப்பதும், மூச்சை இழுப்பதும் அவ்வழியே செல்லும் கட்டளைகளால் நடைபெறுகின்றன. ஆகவே, கழுத்தெலும்பில் அறுவை மருத்துவம் செய்வோர் முன் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. எலும்பின் குறையைப் போக்குவது எங்ஙனம் என்பது ஒன்று. போக்கும்போது நரம்புக்கு ஊறு நேராமல் காப்பது எங்ஙனம் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு விடை காண நெடுங்காலம் ஆயிற்று.

எகிப்து நாட்டின் பழைய மருத்துவச் சுவடி ஒன்று எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என வழங்குகிறது. அது கி.மு. 1600 அளவில் எழுதப்பெற்றது. கழுத்தெலும்பு பிசகி, கைகால்களின் உணர்வை இழந்த ஒருவனைப் பற்றி அதிலே குறிப்புண்டு. மருத்துவம் செய்தற்குரிய நோயன்று என்று சொல்லி அச்சுவடி அவனைக் கைவிடுகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழ்பெற்ற கேலன் என்னும் மருத்துவர், குரல்வளைக்குச் செல்லும் நரம்பை அறுத்தால் வீறிட்டுக் கத்தும் பன்றியும் குரலிழந்துவிடும் என்று பலரறியச் செய்து காட்டினார். கழுத்தில் கத்தி வைப்போர்க்கு அது முதல் எச்சரிக்கை எனலாம்.

முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டத்தட்டு பின்புறமாகப் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துவதுண்டு. முதுகுப் பக்கமாகச் சென்று அதனை எடுக்க முயன்றால் தண்டுவடமே குறுக்கே நிற்கும். அதனைத் தொட்டு நகர்த்துவதோ பெருந்தீங்கு. இதற்கு மாற்றுவழி கண்டவர்கள் அமெரிக்க மருத்துவர்கள். பால்டிமோர் நகரத்து ராபர்ட் ராபின்சனும் ஜார்ஜ் ஸ்மித்தும் 1955-லும், ஹோனலூலுவில் பணியாற்றிய ரால்ப் கிளவர்ட் 1958-லும், கழுத்தின் முன்புறமாகச் செல்லும் முறையை வெளியிட்டனர். தட்டை அகற்றி, அவ்விடத்தில் எலும்புத் துண்டை வைத்து இணைக்கும் முறை அது.

புதிய வழியில் தண்டுவடத்தை நகர்த்த வேண்டியதில்லை. ஆனால், மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் ஒருபுறமாக விலக்கியாக வேண்டும். அவ்விரண்டிற்கும் இடையிலே கேலன் காட்டிய அதே குரல் நரம்பு செல்கிறது! அது நெடுநேரம் இழுபட்டால் குரல் கம்மிவிடும். எனவே, விலக்கும் கருவிகளை மெல்ல வைப்பதும், இடையிடையே தளர்த்துவதும் வழக்கமாயின. மயக்கம் கொடுப்போர் கழுத்தைப் பின்னே வளைக்காமல் குழாய் செலுத்துவதும், தண்டுவடத்திற்குக் குருதி குறையாதபடி இரத்த அழுத்தத்தைப் பேணுவதும் இக்காவலின் பகுதிகளே.

உறங்குகின்ற நோயாளிக்கு நரம்பு ஊறுபட்டால் அதனை அறிவது எப்படி? முதுகெலும்புக் கோணலை நிமிர்த்திய பிரெஞ்சு மருத்துவர்கள் 1973-ல் ஓர் எளிய விடை கூறினர். அறுவையின் நடுவிலேயே மயக்கத்தைச் சற்றுக் குறைத்து, கைகால்களை அசைக்கச் சொல்லிப் பார்த்தனர். 1980-ல் மெர்ட்டன், மார்ட்டன் என்னும் இருவர், மண்டையோட்டின் மேலிருந்தே மின்சாரத்தால் மூளையைத் தூண்டித் தசையை அசைக்கலாம் என்று காட்டினர். அதன் வழியே, நோயாளியை எழுப்பாமலே நரம்பின் நிலையைக் கண்காணிக்கும் முறை வளர்ந்தது.

தையல் முடிந்ததும் காவல் முடிந்துவிடுவதில்லை. காயத்தினுள் குருதி தேங்கினால் அது மூச்சுக்குழலையோ தண்டுவடத்தையோ நெருக்கும். அறுவை நன்கு முடிந்தவர்க்கும் சில நாளில் தோளை உயர்த்தும் வலிமை குன்றுவதுண்டு. அவருள் பெரும்பாலோர் பல மாதங்களில் தேறுகின்றனர். ஆதலால், முதல் நாள் இரவு முழுவதும் செவிலியர் மீண்டும் மீண்டும் வருகின்றனர். விரல்களை மடக்கச் சொல்கின்றனர். பாதத்தை அசைக்கச் சொல்கின்றனர். மூச்சையும் குரலையும் கவனிக்கின்றனர். புதிதாக ஒரு தளர்ச்சி தோன்றினால் உடனே மருத்துவர்க்குச் செய்தி செல்கிறது. தேங்கிய குருதியைக் காலந்தாழ்த்தாது வெளியேற்றினால் நரம்பு பிழைக்கக்கூடும். தாழ்த்தினால் ஊனம் நிலைத்துவிடக்கூடும்.

கையிலும் காலிலும் உணர்வு இருக்கிறதா என்று எகிப்திய மருத்துவரும் அன்று பார்த்தார். இல்லையென்று கண்டு விலகினார். இன்றும் அதையே பார்க்கின்றோம்; ஆனால், காப்பதற்காகப் பார்க்கின்றோம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட முயற்சி ஈட்டித் தந்த வேறுபாடு இதுவே.