இரண்டு ரீல் சிரிப்பு: கல்லூரி, காதல், பந்தாட்டம்



சென்ற பொங்கல் விழாவுக்கு நம் வளாகத்துப் பிள்ளைகள் இருபது நிமிட நாடகம் ஒன்று தயார் செய்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு கல்லூரி, ஒரு கிரிக்கெட் போட்டி, ஒரு காதல், நடுவில் சில பாட்டுகள். பதினைந்து நாள் மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தார்கள். கடைசி நேரத்தில் விழாக் குழு கூடி, "தீபம் ஏற்றுகிற ஊரில் காலேஜ் காதலெல்லாம் எதற்கு? இது வெளிநாட்டுச் சரக்கு" என்று சொல்லி அதை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிட்டது. எடுக்கச் சொல்லிக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அந்த இருபது நிமிடத்தை நிரப்பச் சொற்பொழிவு ஒன்று வைத்தோம். எத்தனை பேர் பாதியில் எழுந்து போனீர்கள் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். கணக்கு இடித்தால் தூக்கம் வராது. 'வெளிநாட்டுச் சரக்கு' என்று சொன்னோமே, அது உண்மைதானா என்று பழைய சினிமா வரலாற்றைப் புரட்டிப் பார்த்தேன். கிடைத்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

இரண்டு ரீல் என்றால் எவ்வளவு?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பழைய ஃபிலிம் சுருள் ஒன்று, அதாவது ஒரு ரீல், சுமார் 1000 அடி. பேசும் படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆக ஒரு ரீல் 11 நிமிடம், இரண்டு ரீல் 22 நிமிடம். அமெரிக்கத் தியேட்டர்களில் பெரிய படத்துக்கு முன்னால் இந்த இரண்டு ரீல் சிரிப்புப் படங்களைப் போடுவது வழக்கம். விருந்தில் சோறு வருவதற்கு முன் இலையில் வைக்கும் இனிப்பு மாதிரி.

1920களில் அங்கே கல்லூரிக் கதைகளுக்கு நல்ல கிராக்கி. ஹெரால்ட் லாயிட் 1925இல் 'தி ஃப்ரெஷ்மேன்' எடுத்தார். கால்பந்துக் குழுவில் தண்ணீர் தூக்கும் பையனாக நிற்பவன், கடைசியில் ஆட்டத்தை ஜெயிக்கிறான். 1927இல் பஸ்டர் கீட்டன் 'காலேஜ்' எடுத்தார். விளையாட்டே தெரியாத படிப்பாளிப் பையன், ஒரு பெண்ணுக்காக மைதானத்தில் இறங்கி ஒவ்வோர் ஆட்டத்திலும் உதை வாங்குகிறான். இவை இரண்டும் பெரிய படங்கள். யுனிவர்சல் நிறுவனமோ 1926 முதல் 1929 வரை 'தி காலேஜியன்ஸ்' என்று இரண்டு ரீல் படங்களை வரிசையாகவே வெளியிட்டது. அதே மாணவர்கள், அதே காதல். ஒரு படத்தில் பேஸ்பால், இன்னொன்றில் தொடர் ஓட்டம், மற்றொன்றில் படகுப் போட்டி.

இவை பெரும்பாலும் ஊமைப் படங்கள். 1926இல் வார்னர் நிறுவனம் 'வைட்டாஃபோன்' முறையைக் கொண்டுவந்தது. ஒரு ரீலுக்கு ஓர் இசைத்தட்டு, இரண்டையும் சேர்த்து ஓட்டுவார்கள். அதற்குப் பிறகு குட்டிப் படங்களில் பாட்டும் ஆட்டமும் சேர்ந்துகொண்டன. கதையோ பெரும்பாலும் ஒன்றுதான். ஆட்டக்காரன் பரீட்சையில் கோட்டை விடுவான். தேறாவிட்டால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். படிப்பில் கெட்டிக்காரியான ஒரு பெண் பாடம் சொல்லித் தருவாள். போட்டியும் ஜெயிக்கும், கல்யாணமும் நிச்சயமாகும். 1927இல் நியூயார்க் மேடையேறிய 'குட் நியூஸ்' என்ற இசை நாடகம் இதே கதைதான். அதை 1930இலும் 1947இலும் படமாக எடுத்தார்கள்.

தமிழுக்கு வந்தபோது

சரி, இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? தமிழில் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் வெளியானது. டி.பி. ராஜலட்சுமி கதாநாயகி. அந்த நாளிலேயே குறத்தி ஆட்டமும் பாட்டும் அடங்கிய குட்டிப் படம் ஒன்றும் சேர்ந்து வந்தது. ஆக, தமிழ்ப் பேசும் படம் பிறக்கும்போதே துண்டுப் படத்தோடுதான் பிறந்தது. 1939இல் வந்த 'சிரிக்காதே', பல குட்டிச் சிரிப்புப் படங்களை ஒன்றாகக் கோத்த தொகுப்பு.

அமெரிக்கக் கல்லூரியிலிருந்தே நேராக ஓர் ஆளும் வந்தார். எல்லிஸ் ஆர். டங்கன், ஒஹையோ மாநிலத்துக்காரர். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர். உடன் படித்த எம்.எல். டாண்டனோடு 1935இல் இந்தியா வந்தார். ஒரு சொல்கூடத் தமிழ் தெரியாது. 1936இல் அவர் எடுத்த 'சதி லீலாவதி'யில் எம்.ஜி.ஆர்., டி.எஸ். பாலையா, என்.எஸ். கிருஷ்ணன் ஆகியோர் நடித்தார்கள். 1950 வரை அவர் இங்கே தமிழ்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அமெரிக்கக் கல்லூரி மாணவன் நம் படங்களில் அப்படியே வந்து குதிக்கவில்லை. காரணம் எளிது. அன்று கல்லூரிக்குப் போனவர் யார்? நம் திருவண்ணாமலை அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. கல்லூரிப் படிப்பு வேண்டுமென்றால் வேலூர் ஊரிசுக் கல்லூரிக்கோ சென்னைக்கோ போக வேண்டும். நான் பி.காம். படித்த அரசு கலைக் கல்லூரி நம் ஊருக்கு வந்ததே 1960களில்தான். தரை டிக்கெட் வாங்கிப் படம் பார்த்தவருக்குக் கல்லூரி மைதானம் என்பது சுவருக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கும் இடம்.

பந்து பொறுக்கிய சிறுவன்

என்.எஸ்.கே. 1908இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். அவருடைய வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. காலையில் டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போடுவார், பகலில் மளிகைக் கடையில் பொட்டலம் மடிப்பார், மாலையில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்பார். அமெரிக்கக் கல்லூரிப் படத்தில் சிரிக்க வைத்தவன் டென்னிஸ் ஆடுகிற பையன். நம்மைச் சிரிக்க வைத்தவர் அந்தப் பந்தைப் பொறுக்கிக் கொடுத்த பையன். வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது.

அவரும் டி.ஏ. மதுரமும் 1936இல் 'வசந்தசேனா' படத்தின்போது சந்தித்து, பிறகு வாழ்விலும் இணைந்தார்கள். இருவரும் சேர்ந்த நகைச்சுவைப் பகுதிகள் பல படங்களில் மூலக்கதையோடு ஒட்டாமல் தனியாகவே ஓடும். தனிக் கதை, தனிப் பாட்டு, தனி முடிவு. ராஜா ராணி கதையிலிருந்து அந்தக் காட்சிகளைக் கத்தரித்து எடுத்தால் அதுவே ஒரு முழு இரண்டு ரீல் படம். வெளிநாட்டில் பெரிய படத்துக்கு முன்னால் வந்தது, இங்கே பெரிய படத்தின் வயிற்றுக்குள்ளேயே குடியேறிவிட்டது. வங்கிக் கணக்கில் சொன்னால், தனிக் கணக்கு தொடங்காமல் கூட்டுக் கணக்கில் சேர்ந்துகொண்டது.

இரண்டு சபாபதிகள்

அந்தப் பரீட்சைக் கதை நம்மிடம் இல்லையா? உண்டு. 1941 டிசம்பர் 14 அன்று ஏ.வி.எம். வெளியிட்ட 'சபாபதி'. பணக்கார வீட்டு அசட்டுப் பிள்ளை சபாபதியாக டி.ஆர். ராமச்சந்திரன். அதே பெயருள்ள வேலைக்காரன் சபாபதியாகக் காளி என். ரத்தினம். தமிழ் வாத்தியாராக கே. சாரங்கபாணி. சபாபதிக்குப் படிப்பு ஏறாது. பிறகு கல்யாணமாகி வரும் படித்த மனைவி சிவகாமி (லக்ஸ் பத்மா) அவனைத் திருத்திப் படிக்க வைக்கிறாள்.

'குட் நியூஸ்' கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மக்குப் பையன், கெட்டிக்காரப் பெண், பரீட்சை. ஆனால் இது காப்பி அல்ல. பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய இந்த நாடகம், 'குட் நியூஸ்' நியூயார்க் மேடையேறுவதற்குப் பல வருடம் முன்பே தமிழில் இருந்தது. முதலியார் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1891இல் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். கூத்தாடிகள் வேலை என்று படித்தவர்கள் ஒதுக்கிய நாடகத்தை, வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையேறி நடிக்கும் காரியமாக மாற்றியவர். அன்றும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சபாபதியில் பெரிய சிரிப்பு வேலைக்காரன் பக்கம்தான். எஜமானனுக்கும் ஏவலாளுக்கும் ஒரே பெயர் வைத்து, இரண்டு பேரில் யார் அதிக அசடு என்று நம்மையே கேட்க வைத்துவிட்டார் முதலியார்.

அந்த இருபது நிமிடம் எங்கே போனது?

அப்படியானால் தனிக் குட்டிப் படங்கள் ஏன் தமிழில் நிலைக்கவில்லை? இங்கே யுத்தம் வருகிறது. ஃபிலிம் முழுக்க முழுக்க இறக்குமதிச் சரக்கு. இரண்டாம் உலகப் போரில் தட்டுப்பாடு வந்ததும் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. 11,000 அடி என்றால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதற்கு முன் மூன்று மணி நேரத்துக்கு மேல் படம் எடுத்துப் பழகியவர்கள் நம்மவர்கள். பெரிய படத்துக்கே ஃபிலிம் இல்லாதபோது குட்டிப் படத்துக்கு யார் கொடுப்பார்கள்?

அதோடு, 1943இல் ஒவ்வொரு காட்சியிலும் அரசு ஒப்புதல் பெற்ற செய்திப் படங்களை 2000 அடி வரை காட்டியே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது. 2000 அடி என்றால் எத்தனை ரீல்? சரியாக இரண்டு ரீல்! சிரிப்புப் படத்துக்கு இருந்த இடம் அப்படியே பிரச்சாரத்துக்குப் போனது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948இல் ஃபிலிம்ஸ் டிவிஷன் வந்தது. வெள்ள நிவாரணம், அணைக்கட்டுத் திறப்பு என்று நாம் எல்லோரும் பார்த்த 'நியூஸ் ரீல்' அதுதான். நான் சிறுவனாக டூரிங் கொட்டகை மணலில் உட்கார்ந்திருந்தபோது, நியூஸ் ரீல் ஓடும் நேரத்தில்தான் எல்லோரும் முறுக்கு வாங்கப் போவார்கள்.

சென்ற பொங்கலில் நாம் செய்ததும் இதைத்தான். பிள்ளைகளின் இரண்டு ரீலை எடுத்துவிட்டு நியூஸ் ரீல் போட்டோம்.

கல்லூரி பின்னாளில் தமிழ்ப் படத்துக்குள் நன்றாகவே வந்தது. நான் கல்லூரியில் படித்த காலத்தில், 1980இல் 'ஒருதலை ராகம்' வந்து ஊரையே அழ வைத்தது. கல்லூரிக் காதல் என்றால் கண்ணீர் என்றாகிவிட்டது. சிரிப்பு மட்டும் நாகேஷ், கவுண்டமணி-செந்தில் என்று படத்தின் வயிற்றுக்குள் இருந்தபடியே வாழ்ந்தது. இன்று நாம் என்ன செய்கிறோம்? முழுப் படத்தை விட்டுவிட்டு, அந்த நகைச்சுவைக் காட்சியை மட்டும் தனியாகக் கைபேசியில் பார்த்துச் சிரிக்கிறோம். குட்டிப் படம் மறுபடியும் தனியாக வந்துவிட்டது!

கணக்கை முடிக்கும் முன்

பழைய ஃபிலிம் நைட்ரேட் வகை. தீப்பற்றும், மக்கும். அதில் இருந்த வெள்ளிக்காக உருக்கி விற்றவர்களும் உண்டு. 'காளிதாஸ்' படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அந்தக் குறத்தி ஆட்டமும் இல்லை. பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கிய 1964க்குள் பெரும்பகுதி போய்விட்டது. "இதெல்லாம் ஒரு பொருட்டா" என்று நினைத்ததால் போனவைதான் அதிகம். நல்லவேளையாக 'சபாபதி' மிஞ்சியது, இணையத்திலேயே பார்க்கலாம்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். முதலாவது, வரும் ஆண்டு விழாவில் பிள்ளைகளின் அந்த நாடகத்துக்கு முழு இருபது நிமிடம் கொடுக்க வேண்டும். பொதுக்குழுவில் இதை நானே முன்மொழியப் போகிறேன். சென்ற முறை தவறாகத் தூக்கிய கையை இந்த முறை சரியாகத் தூக்குகிறேன். நீங்களும் தூக்குங்கள். இரண்டாவது, அதற்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை நம் கூடத்தில் 'சபாபதி'யைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்போம். எண்பது கடந்த பெரியவர்கள் நம் வளாகத்திலேயே சிலர் இருக்கிறார்கள். கொட்டகையில் பார்த்த சிரிப்புப் படங்களைப் பற்றி அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் கைபேசியில் பதிவு செய்யட்டும். அந்த நினைவுகளுக்கும் வேறு பிரதி கிடையாது.

நாடகம் நிறுத்தப்பட்ட அன்று மொட்டை மாடியில் அட்டை மட்டையையும் அட்டைக் கோப்பையையும் மடித்து வைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள், என்னைப் பார்த்து "பரவாயில்லை தாத்தா" என்றார்கள். அந்தச் சொல்லை நான் இன்னும் வரவு வைக்கவில்லை. ஆண்டு விழா அன்று வைத்துக்கொள்கிறேன்.