மேரி ரஸ்ஸல் மிட்ஃபோர்டு

மேரி ரஸ்ஸல் மிட்ஃபோர்டு (16 டிசம்பர் 1787 – 10 ஜனவரி 1855): ஆங்கிலக் கட்டுரையாளர், நாடக ஆசிரியர், கவிஞர். இங்கிலாந்தின் நாட்டுப்புற வாழ்வைச் சித்திரிக்கும் ‘அவர் வில்லேஜ்’ (எங்கள் ஊர்) நூலால் புகழ்பெற்றவர்.

வாழ்க்கை: ஹாம்ப்ஷயரின் ஆல்ரஸ்ஃபோர்டில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் மிட்ஃபோர்டு மருத்துவம் பயின்றவர். சூதாட்டத்தில் நாட்டம் மிக்கவர். மேரி பத்து வயதில் தேர்ந்தெடுத்த லாட்டரிச் சீட்டுக்கு 20,000 பவுண்டு பரிசு விழுந்தது. தந்தையின் ஊதாரித்தனத்தால் அதுவும் கரைந்தது. 1820-இல் குடும்பம் ரெடிங் நகருக்கு அருகிலுள்ள த்ரீ மைல் கிராஸ் சிற்றூரில் ஒரு சிறு வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. அதன்பின் குடும்பத்தைத் தாங்கியது மேரியின் பேனாதான்.

படைப்புகள்: இச்சிற்றூரைப் பற்றி ‘லேடீஸ் மேகசின்’ இதழில் எழுதிய சித்திரங்கள் 1824 முதல் 1832 வரை ‘அவர் வில்லேஜ்’ என்ற பெயரில் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தன. மேஃப்ளவர் என்னும் வேட்டைநாய் முன்னே ஓட, கதைசொல்லி தெருவோடு நடக்கிறார். செருப்புத் தைப்பவர், கொல்லர், சத்திரம் என ஒவ்வொரு வாசலாக அறிமுகமாகின்றன. ஊர்க் கிரிக்கெட் பந்தயம் குறித்த கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. ‘ரியன்சி’ (1828) அவரது நாடகங்களில் பெருவெற்றி பெற்றது.

பிற்காலம்: கவிஞர் எலிசபெத் பாரெட்டின் நெருங்கிய தோழி, அவருக்கு ஃப்ளஷ் என்ற நாயைப் பரிசளித்தவர். 1837-இல் அரசு ஓய்வூதியம் கிடைத்தது. 1842-இல் இறந்த தந்தை விட்டுச்சென்ற கடன், அன்பர்கள் திரட்டிய நிதியால் அடைக்கப்பட்டது. 1851-இல் ஸ்வாலோஃபீல்டில் குடியேறி, அங்கேயே காலமானார்.