தலையில் தண்ணீர், கையில் வண்ண முட்டை... ஹங்கேரி வீடுகளில் வசந்தம் இப்படித்தான்!

திங்கட்கிழமை காலை. காலிங் பெல் அடிக்குது. கதவைத் திறந்தா பக்கத்து வீட்டுப் பையன் கையில் சின்ன சென்ட் பாட்டிலோடு நிற்கிறான். நாலு வரி கவிதை சொல்லிட்டு, ``தண்ணி ஊத்தலாமா?'' என்று கேட்கிறான். நீங்கள் தலையைக் குனிந்தால் உச்சந்தலையில் சில துளி சென்ட். பதிலுக்கு நீங்கள் ஒரு வண்ண முட்டையை அவன் கையில் கொடுக்க வேண்டும். அடுத்த பத்து நிமிஷத்தில் மாமா வருவார், சித்தப்பா வருவார், அப்பாவின் நண்பர் வருவார். ஆளுக்கொரு சென்ட்!

ஹங்கேரியில் ஈஸ்டருக்கு மறுநாள் நடக்கிற கூத்து இது. இதற்குப் பெயர் `லோச்சோல்கோதாஷ்', அதாவது தண்ணீர் தெளித்தல். இந்த ஒரு நாளுக்குப் பின்னால் வாரக்கணக்கில் நடக்கும் சமையலும் சுத்தம் செய்தலும் இருக்கின்றன. வாங்க, ஒரு ஹங்கேரி வீட்டின் வசந்தகாலத்தை உள்ளே போய்ப் பார்ப்போம்.

மார்ச்சில் ஆரம்பம்

குளிர் விடைபெறும் முன்பே ஃபார்ஷாங் என்ற கார்னிவல் காலம் வந்துவிடும். வீடு முழுக்க `ஃபாங்க்' வாசம். ஈஸ்ட் போட்ட மாவை வட்டமாக வெட்டி எண்ணெயில் பொரித்து, ஆப்ரிகாட் ஜாமோடு சாப்பிடுவார்கள். சாம்பல் புதனோடு கொண்டாட்டம் முடிந்து தவக்காலம் தொடங்கும்.

மார்ச் 15 தேசிய விடுமுறை. 1848-ல் ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்கு எதிராகப் புரட்சி வெடித்த நாள் அது. சிவப்பு, வெள்ளை, பச்சை ரிப்பனில் செய்த `கோகார்டா'வை இதயத்துக்கு அருகில், சட்டையின் இடப்பக்கம் குத்திக்கொள்வார்கள். ஸ்கூல் பிள்ளைகளுக்கு அதை முந்தின நாள் இரவு வீட்டில் தைத்துக் கொடுப்பதும் உண்டு.

அடுத்து குருத்தோலை ஞாயிறு. அந்தக் குளிர் நாட்டில் குருத்தோலைக்கு எங்கே போவது? பஞ்சு போன்ற மொட்டுகள் உள்ள `பர்க்கா' என்ற வில்லோ மரக் கிளைகளைத்தான் தேவாலயத்தில் மந்திரிப்பார்கள்.

பெயரிலேயே கறி இருக்கு!

ஹங்கேரிய மொழியில் ஈஸ்டருக்கு `ஹூஷ்வேத்' என்று பெயர். `ஹூஷ்' என்றால் இறைச்சி. தவக்காலம் முடிந்து மறுபடியும் இறைச்சியை எடுத்துக்கொள்ளும் நாள் என்பதுதான் இந்தச் சொல்லின் அர்த்தம். அதனால் மேசையின் ஹீரோ, புகைபோட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை. பெயர் `ஷோன்கா'. அதை மெதுவாக வேகவைத்து, ஆறவிட்டு, துண்டு போடுவார்கள். அந்தத் தண்ணீரிலேயே முட்டையை வேகவைக்கும் வீடுகளும் உண்டு. தொட்டுக்கொள்ள `டோர்மா' என்ற வேரைத் துருவி வைப்பார்கள். கொஞ்சம் அதிகமானால் நெடி மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணி வந்துடும்.

வடகிழக்குப் பகுதியில் இன்னொரு ஸ்பெஷல், `ஷார்கா டூரோ' எனும் மஞ்சள் பாலாடைக்கட்டி. ஒரு லிட்டர் பாலுக்கு சுமார் 10 முட்டை, சர்க்கரை, உலர்திராட்சை சேர்த்துக் கிளறி, திரிந்ததும் துணியில் கட்டித் தொங்கவிடுவார்கள். இறுகியதும் துண்டு போட்டுச் சாப்பிட வேண்டியதுதான்.

ஏன் இவ்வளவு முட்டை? பகல் நீள நீளக் கோழிகள் அதிகமாக முட்டையிடும். அந்தக் காலத் தவக்காலத்தில் முட்டையும் விலக்கு. ஆக, ஈஸ்டர் வரும்போது கூடை நிறைந்துவிடும். அவ்வளவுதான் ரகசியம்.

பின்னல் போட்ட ரொட்டி

ஷோன்காவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது `கலாச்'. ஜடை போலப் பின்னிய, லேசாக இனிக்கும் ரொட்டி. தினசரி ரொட்டிக்கு மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் போதும். கலாச்சில் பால், முட்டை, வெண்ணெய் எல்லாம் சேர்வதால், அன்றைக்கு அது பண்டிகைக்கு மட்டுமே செய்யும் பலகாரம்.

நீங்களும் செய்து பார்க்கலாம். மைதா அரை கிலோ, வெதுவெதுப்பான பால் 250 மில்லி, டிரை ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 70 கிராம், வெண்ணெய் 80 கிராம், முட்டையின் மஞ்சள் கரு 2, உப்பு ஒரு டீஸ்பூன். ஈஸ்ட்டைப் பாலில் கரைத்து, நுரை வந்ததும் மற்றதோடு சேர்த்துப் பத்து நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். மாவு இரண்டு மடங்காக உப்பும்வரை மூடி வைத்து, மூன்று கயிறுகளாக உருட்டிப் பின்னுங்கள். அரை மணி நேரம் விட்டு, மேலே முட்டை தடவி, 180 டிகிரி செல்சியஸில் 30 முதல் 35 நிமிடம் பேக் செய்தால் பொன்னிறத்தில் ரெடி. பால் கொதிக்கக் கூடாது, ஈஸ்ட் செத்துப்போகும்!

ஹங்கேரி சமையல் குறிப்புகளைப் படித்தால் `50 டெகா மாவு' என்று இருக்கும். குழம்ப வேண்டாம். ஒரு டெகா என்பது 10 கிராம். கடையிலும் ``20 டெகா ஷோன்கா கொடுங்க'' என்றுதான் கேட்பார்கள்.

கலாச்சோடு `பெய்க்லி'யும் உண்டு. மெல்லிய மாவுக்குள் அரைத்த கசகசா அல்லது வால்நட் பூரணம் வைத்துச் சுருட்டிய ரோல். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் இதுதான் அடையாளம்.

முட்டையில் எழுத்து

வெங்காயச் சருகைக் கொதிக்கவைத்தால் செம்பழுப்புச் சாயம் கிடைக்கும். அதில் முட்டையைப் போட்டு எடுப்பது சுலபமான வழி. இன்னும் நுணுக்கமாக வேண்டுமா? உருகிய தேன்மெழுகால் முட்டையில் கோலம் வரைந்து, பிறகு சாயத்தில் முக்குவார்கள். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஒட்டாது. மெழுகைத் துடைத்தால் வெள்ளைக் கோடுகள் பளிச்சிடும். குட்டிக் குட்டி இரும்பு லாடங்களை முட்டை ஓட்டில் அடிக்கும் கைவினைஞர்களும் அங்கே இருக்கிறார்கள். நம்புங்க, ஓடு உடையாது!

அந்தத் திங்கட்கிழமை

இப்போது ஆரம்பித்த இடத்துக்கு வருவோம். இன்றைக்கு சென்ட் என்றால், அன்றைக்கு வாளித் தண்ணீர். கிராமத்து இளைஞர்கள் பெண்களைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய்த் தலையோடு ஊற்றுவார்கள். அது ஆரோக்கியத்தையும் குழந்தைப் பேற்றையும் தரும் என்பது நம்பிக்கை. யாருமே வந்து ஊற்றாத வீட்டுப் பெண்ணுக்கு அது அவமானமாம்! யுனெஸ்கோ 1987-ல் உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்த ஹோல்லோகோ கிராமத்தில், இப்போதும் பாரம்பர்ய உடையில் நிற்கும் பெண்கள்மீது வாளியால் ஊற்றுவதைச் சுற்றுலாப் பயணிகள் பார்க்கலாம்.

பலருக்கு இது இனிய குழந்தைப் பருவ நினைவு. ஆனால், வீட்டுப் பெண்களின் பக்கம் நின்று பாருங்கள். வீட்டைத் தேய்த்துக் கழுவி, ஷோன்கா வேகவைத்து, கலாச் பின்னி, முட்டைக்குச் சாயம் போட்டுக் களைத்த பிறகு, திங்கட்கிழமையும் அவர்களுக்கு ஓய்வில்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் கேக், ஆண்களுக்கு `பாலிங்கா' எனும் பழ மது, நடுநடுவே தலையில் சென்ட். சாயங்காலம் தலைக்குக் குளித்தாலும் அந்தக் கலவை வாசம் சீக்கிரத்தில் போகாது.

நகரங்களில் பல குடும்பங்கள் இந்தச் சடங்கை விட்டுவிட்டன. சில வீடுகளில் சொந்தக்காரப் பிள்ளைகள் மட்டும் வருகிறார்கள். நல்ல விஷயம் என்னன்னா, இந்தச் சடங்குக்குள்ளேயே ஒரு கேள்வி இருக்கு. `ஊத்தலாமா?' என்று கேட்டுத்தான் தெளிக்க வேண்டும். கேட்பது உண்மையென்றால், `வேண்டாம்' என்பதும் ஒரு பதில்தானே? அதை மதித்துச் சிரித்துக்கொண்டே முட்டையை வாங்கிப் போகிற பையன்தான் அந்தப் பண்டிகையைக் காப்பாற்றுகிறவன்.

போறீங்களா? இதையும் கவனிங்க

ஹங்கேரி அரசின் ஸ்டிபெண்டியம் ஹங்காரிக்கம் உதவித்தொகையில் இந்திய மாணவர்களும் அங்கே போய்ப் படிக்கிறார்கள். ஈஸ்டருக்கு நண்பர் வீட்டில் அழைத்தால் சில விஷயங்கள்:

* புனித வெள்ளி 2017 முதல் பொது விடுமுறை. அன்றும், ஈஸ்டர் ஞாயிறு, திங்களும் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மாவு, ஈஸ்ட் எல்லாம் வியாழக்கிழமையே வாங்கிடுங்க.
* வாசலில் ஷூவைக் கழற்றுங்கள். பூங்கொத்து வாங்கினால் பூக்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்கட்டும்.
* பாலிங்கா ஒரு வாய் குடித்தாலும் வண்டியைத் தொடாதீர்கள். அங்கே டிரைவருக்கு அனுமதிக்கப்பட்ட ஆல்கஹால் அளவு பூஜ்யம்.
* மே மாதத்தின் முதல் ஞாயிறு அன்னையர் தினம். அந்த கலாச்சைப் பின்னிய கைகளுக்கு ஒரு பூங்கொத்து கொடுக்க மறக்காதீங்க.

சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவிக் கொடுங்கள். எந்த நாட்டு வீட்டிலும் அது நல்ல பண்டிகை வாழ்த்துதான்!