கைப்பற்றிய பீரங்கியும் கடல்வழி எறிகணையும்: விடுதலைப் புலிகள் இயக்கத்தின் படைக்கலத் திரட்சி (1983–2009)

ஆய்வுச் சுருக்கம்

ஆயுதம் தாங்கிய இயக்கங்களின் வரலாற்றில் படைக்கலப் பட்டியல்கள் பெரும்பாலும் வலிமையின் அளவுகோலாகவே வாசிக்கப்படுகின்றன. இலங்கையில் 1983 முதல் 2009 வரை நடைபெற்ற போரில் தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கம் பயன்படுத்திய படைக்கலங்களையும் ஊர்திகளையும், அவை பெறப்பட்ட வழியோடும் அவற்றை இயக்குவதற்கான தேவைகளோடும் இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. அரசுப் படையிடமிருந்து கைப்பற்றப்பட்ட கனரக ஆயுதங்கள் இயக்கத்தை மரபுவழிப் படையாக மாற்றின. அதே வேளையில் கடல்வழி வழங்கலைச் சார்ந்து நிற்கும் படையாகவும் மாற்றின. அச்சார்பின் விளைவைப் போரின் இறுதியில் பொதுமக்களும் சுமக்க நேர்ந்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: படைக்கலம், வழங்கல் வழி, ஆனையிறவு, பீரங்கி, கடற்புலிகள், முள்ளிவாய்க்கால்.

முன்னுரை

ஈழப்போர் குறித்த எழுத்துகளில் இரு தரப்பினரின் ஆயுதங்களும் எண்ணிக்கையாகவே இடம்பெறுகின்றன. இத்தனை துப்பாக்கிகள், இத்தனை பீரங்கிகள், இத்தனை படகுகள் என்னும் கணக்கு, எண்ணிக்கை கூடக்கூட வலிமையும் கூடியது என்ற எண்ணத்தைத் தோற்றுவிக்கிறது. ஆனால் படைக்கலங்கள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. ஒரு துப்பாக்கியை ஒருவர் சுமந்து காட்டுக்குள் மறையலாம். அதற்குரிய தோட்டாவை வீழ்ந்த படைவீரரிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பீரங்கியின் நிலை வேறு. 122 மி.மீ. எறிகணை ஒன்றின் எடை 20 கிலோவுக்கு மேல், 152 மி.மீ. எறிகணையின் எடை 40 கிலோவுக்கு மேல். நாளொன்றுக்கு நூறு எறிகணைகளை ஏவ வேண்டுமாயின் இரண்டு முதல் நான்கு டன் வரையிலான சுமையை ஒவ்வொரு நாளும் முன்னரங்குக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அதற்குப் பாரவண்டிகள், சாலைகள், கிடங்குகள், தூரத்தையும் கோணத்தையும் கணிக்கும் பயிற்சி பெற்றோர், இலக்கை நோக்கிச் செய்தி அனுப்புவோர் எனப் பெரியதோர் அமைப்பு தேவைப்படும்.

ஆகவே ஓர் இயக்கம் எந்த ஆயுதத்தைப் பெற்றது என்பதோடு, அந்த ஆயுதம் இயக்கத்திடம் எதைக் கோரியது என்பதும் வரலாற்று வினாவாகிறது. இவ்வினாவைக் கால வரிசையில் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கண்ணிவெடியும் துப்பாக்கியும்

1983 ஜூலை 23ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த திருநெல்வேலியில் இராணுவச் சுற்றுக்காவல் அணியொன்று தாக்கப்பட்டு 13 படைவீரர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து தமிழருக்கு எதிராக நிகழ்ந்த வன்முறை, போரின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. திருநெல்வேலித் தாக்குதலின் முறை எளியது. சாலையில் புதைக்கப்பட்ட கண்ணிவெடி ஊர்தியை நிறுத்தியது. துப்பாக்கிகள் எஞ்சியதைச் செய்தன. இந்த இணைப்பே அடுத்த ஏழு ஆண்டுகளுக்கு இயக்கத்தின் அடிப்படைப் போர்முறையாக நிலைத்தது. 1983க்குப் பின் இந்தியாவில் பெற்ற பயிற்சியும் ஆயுதங்களும் இம்முறையை விரிவுபடுத்தினவே அன்றி மாற்றவில்லை.

1987 ஜூலை 5ஆம் நாள் நெல்லியடி மத்திய கல்லூரியில் இருந்த முகாமின்மீது வெடிமருந்து ஏற்றிய பாரவண்டியொன்று செலுத்தப்பட்டது. ஊர்தி இங்குப் படையை ஏற்றிச் செல்லும் கருவியாக இராமல் தானே ஆயுதமாக மாறிற்று. கனரக ஆயுதம் இல்லாத நிலையில், அதன் இடத்தை ஓட்டுநரின் உயிர் நிரப்பியது.

1987 ஜூலை 29இல் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி ஆகஸ்ட் 5ஆம் நாள் பலாலியில் ஆயுதக் கையளிப்பு தொடங்கியது. எனினும் அக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் இயக்கத்துக்கும் இடையே போர் மூண்டது. யாழ்ப்பாண நகரை இழந்த இயக்கம் வன்னிக் காடுகளுக்குள் பின்வாங்கி, 1990 மார்ச்சில் அமைதிப்படை வெளியேறும் வரை தாக்குப்பிடித்தது. எண்ணிக்கையிலும் படைக்கலத்திலும் பன்மடங்கு பெரிய படையை எதிர்கொண்டும் இயக்கம் நிலைத்ததற்கு அதன் ஆயுதங்களின் எளிமையும் ஒரு காரணம். காக்க வேண்டிய கிடங்கோ, திறந்து வைக்க வேண்டிய சாலையோ அன்று அதற்கு மிகுதியாக இல்லை.

2. ஆனையிறவு: கவசம் பூண்ட புல்டோசர்

1990க்குப் பின் இயக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டை ஆளும் நிலையை அடைந்தது. நிலத்தை ஆள்வதற்கு நிலையான முகாம்களை வீழ்த்த வேண்டியிருந்தது. குடாநாட்டையும் பெருநிலத்தையும் இணைக்கும் ஆனையிறவுத் தளம் 1991 ஜூலை 10ஆம் நாள் முற்றுகையிடப்பட்டது. அத்தளத்தைச் சூழ்ந்திருந்தது உப்பளவெளி. மறைந்து முன்னேற மரமோ மேடோ இல்லாத அவ்வெளியில் கரந்தடிப் போர்முறை பயன்படவில்லை. இக்குறையைத் தீர்க்க இயக்கம் இரும்புத் தகடுகள் போர்த்திய புல்டோசரை முன்செலுத்தியது. ஜூலை 14ஆம் நாள் காமினி குலரத்ன என்னும் படைவீரர் கையெறி குண்டுகளுடன் அதன்மீது ஏறித் தம் உயிரைக் கொடுத்து அதனை நிறுத்தினார். வெற்றிலைக்கேணியில் கடல்வழியாகத் தரையிறங்கிய இராணுவம் முற்றுகையை முறியடித்தது. இயக்கம் 500க்கும் மேற்பட்ட போராளிகளை இழந்தது.

நிறுத்தப்பட்ட அப்புல்டோசர் இன்று ஆனையிறவில் இராணுவத்தின் வெற்றிச் சின்னமாக வைக்கப்பட்டுள்ளது. வரலாற்று நோக்கில் அது ஒரு மாறுநிலையின் சான்று. மரபுவழிப் போரை நடத்த விரும்பிய இயக்கத்திடம் அதற்குரிய கருவி இல்லை என்பதை அது காட்டுகிறது. கவசம் மட்டும் போதாது. அதற்குப் பின்னிருந்து காக்கும் பீரங்கியும் வேண்டும் என்பதே 1991 உணர்த்திய பாடம்.

1993 நவம்பரில் பூநகரித் தளத்தின்மீது நடந்த தாக்குதலில் டி-55 வகை டாங்கி இயக்கத்தின் கைக்கு வந்தது. ஆயினும் இயக்கத்திடம் கவசப் படையென்று சொல்லத்தக்க ஒன்று உருவாகவில்லை. டாங்கிக்கு எரிபொருளும் உதிரிப் பாகங்களும் வேண்டும். வடபகுதிமீது அரசு விதித்திருந்த பொருளாதாரத் தடையில் எரிபொருளும் மின்கலமும் அடங்கியிருந்தன. வானம் அரசு விமானப்படையின் ஆளுகையில் இருந்தது. வெளிப்பட்டால் தாக்கப்படும் டாங்கி, பெரும்பாலும் மறைத்துக் காக்க வேண்டிய பொருளாயிற்று. இக்காலத்தில் இயக்கம் உள்ளூரில் செய்த ஆயுதங்களையே மிகுதியும் நம்பியது. ‘பசீலன்’ எனப்பட்ட எறிகணை செலுத்தியும், ‘ஜொனி’ எனப்பட்ட மரப்பெட்டி மிதிவெடியும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. இரண்டுமே உயிரிழந்த போராளிகளின் பெயரைத் தாங்கியவை.

3. பீரங்கி வந்தபின்

1996 ஜூலை 18ஆம் நாள் தொடங்கிய முல்லைத்தீவுத் தாக்குதலில் 1,200க்கும் மேற்பட்ட படையினர் உயிரிழந்தனர். அத்தளத்திலிருந்த இரண்டு 122 மி.மீ. பீரங்கிகள் இயக்கத்தின் வசமாயின. இயக்கத்தின் படைக்கல வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம். பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தாக்கும் ஆற்றல் முதன்முறையாக அதற்குக் கிடைத்தது. பீரங்கிகளுக்கெனக் ‘கிட்டு பீரங்கிப் படையணி’ இயங்கியது. மோட்டார் எறிகணைகளுக்குக் ‘குட்டிசிறி மோட்டார் படையணி’ இருந்தது. பீரங்கிப் படையணியின் பெயருக்குரிய கிட்டு, 1993 ஜனவரியில் இந்தியக் கடற்படை இடைமறித்த கப்பலில் உயிரிழந்தவர் என்பது கருதத்தக்கது. நிலத்துப் பீரங்கியின் பெயரிலேயே கடல் இருந்தது.

இம்மாற்றத்தின் பயனை 2000ஆம் ஆண்டின் ஆனையிறவுப் போரில் காணலாம். களம் 1991இல் இருந்த அதே களம், முறை வேறு. மார்ச்சு இறுதியில் குடாரப்புக் கரையில் கடல்வழியாகப் போராளிகள் தரையிறக்கப்பட்டனர். தளத்துக்குக் குடிநீர் வழங்கிய இயக்கச்சிப் பகுதி துண்டிக்கப்பட்டது. பீரங்கிகளும் மோட்டார்களும் தொடர்ந்து முழங்கின. ஏப்ரல் 22ஆம் நாள் தளம் கைவிடப்பட்டது. உப்பளவெளியில் புல்டோசரால் முடியாததை, நீரைத் தடுத்ததும் தொலைவிலிருந்து தாக்கியதும் முடித்தன. இப்போரில் 152 மி.மீ. பீரங்கிகளும் இயக்கத்துக்குக் கிடைத்தன.

வெற்றி பெற்ற இந்நிலையிலேயே சார்பும் முழுமையடைந்தது. பீரங்கியைக் கைப்பற்றலாம், அதனுடன் கிடைக்கும் எறிகணைகள் சில போர்களுக்குள் தீர்ந்துவிடும். அவற்றை வன்னியின் பட்டறைகளில் செய்ய இயலாது. தொடர்ந்து ஏவ வேண்டுமாயின் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டும்.

4. கடல்வழி

இயக்கத்தின் வெளிநாட்டுக் கொள்வனவுப் பிரிவு நீண்ட காலம் குமரன் பத்மநாதனின் பொறுப்பில் இருந்தது. வணிகக் கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, மீன்பிடிக் கலங்களும் கடற்புலிகளின் படகுகளும் சரக்கை முல்லைத்தீவுக் கரைக்குக் கொண்டுசேர்த்தன. 1997இல் இலங்கை இராணுவத்துக்கென ஜிம்பாப்வேயிலிருந்து வாங்கப்பட்ட 32,000க்கும் மேற்பட்ட 81 மி.மீ. மோட்டார் எறிகணைகள் இயக்கத்தின் கப்பலில் ஏறிய நிகழ்ச்சி, இவ்வலையமைப்பின் திறனுக்குப் பரவலாகச் சுட்டப்படும் சான்று. கடற்புலிகளின் விரைவுப் படகுகளைத் தனித்த கடற்படையாகக் காண்பதைவிட, நிலத்துப் பீரங்கிகளின் வழங்கல் வழியைக் காத்த படையாகவும் காண்பது பொருந்தும்.

இவ்வழி மூன்று நிலைகளில் நெருக்குண்டது. முதலாவது சட்ட நிலை: இந்தியா 1992இலும், அமெரிக்கா 1997இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2006 மேயிலும் இயக்கத்தைத் தடைசெய்தன. இரண்டாவது கரையோர நிலை: இலங்கைக் கடற்படை சிறிய விரைவுப் படகுகளைப் பெருமளவில் கட்டிக் கடற்புலிகளின் முறையையே கையாண்டது. மூன்றாவது ஆழ்கடல் நிலை: 2006 செப்டம்பர் முதல் இயக்கத்தின் சரக்குக் கப்பல்கள் ஒவ்வொன்றாக மூழ்கடிக்கப்பட்டன. 2007 செப்டம்பர் 10, 11 ஆகிய நாள்களில் மட்டும் மூன்று கப்பல்கள் அழிந்தன. அக்டோபர் 7இல் மேலும் ஒன்று அழிந்தது.

இதே 2007ஆம் ஆண்டின் மார்ச்சு 26ஆம் நாள் இயக்கத்தின் இலகுரக விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு வீசின. அரசு சாராத இயக்கமொன்று விமானத் தாக்குதல் நடத்தியது உலகக் கவனத்தை ஈர்த்தது. நான்கு பேர் அமரக்கூடிய, ஒற்றை எஞ்சின் கொண்ட ஸ்லின் 143 வகை விமானங்கள் அவை. இருளில் சில குண்டுகளைக் கொண்டுசென்று போடுவதற்கு மேல் அவற்றால் இயலவில்லை. 2009 பிப்ரவரி 20இல் இரண்டு விமானங்கள் கொழும்பை நோக்கி அனுப்பப்பட்டதோடு அவ்வரலாறு முடிந்தது. ஒன்று உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது, மற்றது கட்டுநாயக்க அருகே வீழ்த்தப்பட்டது. விமானம் தலைப்புச் செய்தியாகிய ஆண்டிலேதான் எறிகணைக் கப்பல்கள் கடலுக்குள் போயின. போரின் போக்கை முடிவு செய்தது இவற்றுள் பின்னதே.

தோல்விக்கு வழங்கல் மட்டுமே காரணமன்று. 2004 மார்ச்சில் கிழக்கு மாகாணத் தளபதி கருணா பிரிந்தது, அரசுப் படையின் ஆள்பலம் பெருகியது, பல்குழல் ஏவுகணைகள் உள்ளிட்ட அரசின் சுடுதிறன் வளர்ந்தது ஆகியவையும் இணைந்தன. ஆயின் மரபுவழிப் படையாக எதிர்த்து நின்ற இயக்கம், அதற்கேற்ற எறிகணை வரத்தின்றி நின்றது என்பதே இக்காரணங்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது.

5. மக்கள் நெருக்கத்தில் பீரங்கி

2009 ஜனவரி 2இல் கிளிநொச்சியும், ஜனவரி 25இல் முல்லைத்தீவு நகரும் வீழ்ந்தன. 1988இல் செய்தது போலக் காட்டுக்குள் கலைந்து மறைவது அப்போது எளிதாக இல்லை. இருபதாண்டுகளில் திரட்டிய பீரங்கிகள், கிடங்குகள், பட்டறைகள், மருத்துவமனைகள், ஆட்சி அலுவலகங்கள் அனைத்தும் நிலத்தோடு பிணைந்திருந்தன. 27 கிலோமீட்டர் வரை தாக்கவல்ல 130 மி.மீ. பீரங்கி, சில சதுரக் கிலோமீட்டராகச் சுருங்கிய பரப்பில் நின்றது. அதே பரப்பில் மக்களும் அடைபட்டிருந்தனர்.

ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை, ஏறத்தாழ 3,30,000 பொதுமக்கள் அப்பகுதியில் சிக்கியிருந்ததாகக் குறிப்பிடுகிறது. தாக்குதலற்ற வலயங்கள் என அரசே அறிவித்த இடங்களிலும் மருத்துவமனைகளிலும் அரசுப் படையின் எறிகணைகள் வீழ்ந்தன என்பதும், இறுதிக் கட்டத்தில் பொதுமக்களின் இறப்புகளுக்குப் பெரும்பாலும் அரசுப் படையின் எறிகணை வீச்சே காரணம் என்பதும் அவ்வறிக்கை நம்பத்தகுந்தவை எனக் கண்ட குற்றச்சாட்டுகள். இயக்கம் மக்கள் திரளுக்கு அருகிலிருந்து பீரங்கிகளை இயக்கியது என்பதும், தப்ப முயன்றோரைச் சுட்டது என்பதும் அதே அறிக்கை நம்பத்தகுந்தவை எனக் கண்டவை. பீரங்கி எங்கு நிற்கிறதோ அங்கு எதிர்ப்பீரங்கியின் எறிகணை வரும் என்பது போர்க்களத்தின் எளிய விதி. அவ்விதியை அறிந்தும் மக்களிடையே பீரங்கி நிறுத்தப்பட்டதும், மக்கள் இருப்பதை அறிந்தும் அவ்விடம் தாக்கப்பட்டதும் தனித்தனியே பொறுப்புக்கூறலுக்கு உரியவை. ஒன்று மற்றொன்றை நியாயப்படுத்தாது.

போர் முடிந்த பின்னும் சில படைக்கலங்கள் ஓய்வதில்லை. முகமாலை முன்னரங்கில் இரு தரப்பாரும் புதைத்த மிதிவெடிகளை அகற்றும் பணி பல்லாண்டுகள் நீடித்தது. ஆள் எதிர்ப்புக் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. மிகக் குறைந்த செலவில் செய்யப்பட்ட ஆயுதமே மிக நீண்ட காலம் நிலத்தை மக்களிடமிருந்து பறித்து வைத்திருந்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, இயக்கத்தின் படைக்கல வளர்ச்சி நேர்க்கோட்டில் ஏறிய வலிமையன்று. ஒவ்வொரு புதிய ஆயுதமும் புதியதொரு தேவையைக் கொண்டுவந்தது. இரண்டு, 1987–90 காலத்தில் இயக்கத்தைக் காத்தது பிணைப்பற்ற எளிமை. 2007–09 காலத்தில் அதனை நெருக்கியது வெற்றிகளால் விளைந்த பிணைப்பு. மூன்று, கனரக ஆயுதம் மக்கள் செறிந்த நிலத்தில் நிலைகொள்ளும்போது, அதன் வழங்கல் நெருக்கடி படையோடு நிற்பதில்லை, மக்கள்மீதும் இறங்குகிறது.

எனவே ஈழப்போரின் படைக்கலங்களைப் பற்றிய இனிவரும் ஆய்வுகள் எண்ணிக்கைப் பட்டியலுக்கு அப்பால், எறிகணை வந்த வழியையும், பீரங்கி நின்ற இடத்தையும், அவ்விடத்தில் வாழ்ந்தோரையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும். பட்டியலில் ஒரு வரியாக நிற்கும் பீரங்கி, நிலத்தில் ஓர் ஊரின் நடுவே நின்றது.