கரையில் நிற்கும் மனிதர்

மட்டக்களப்பு வாவியை வரைந்த ஓவியங்கள் பலவற்றில் ஒரு தோணி இருக்கும். அதில் வலையோடு ஒரு மனிதன் நிற்பான். முகம் தெரியாது. அவன் இல்லாவிட்டாலும் காட்சி அழகாகவே இருக்கும். பின் அவனுக்கு அங்கே என்ன வேலை?

19ஆம் நூற்றாண்டில் இலங்கையை வரைந்த ஆங்கிலேயருக்கு இதற்கு எளிய விடை இருந்தது. மரத்தின் உயரத்தையும் இடிபாடுகளின் பருமனையும் காட்ட அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது. அதற்காகச் சுதேசி ஒருவரை மூலையில் நிறுத்தினர். சுற்றுலா அஞ்சலட்டைகளில் வரும் மீனவன் அவருடைய வழித்தோன்றல்தான்.

இம்மரபிலிருந்து விலகியவர்களுள் ஒருவர் ஐவன் பீரிஸ் (1921–1988). திரைப்பட நெறியாளர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் சகோதரர். லயனல் வென்ட், ஹரி பீரிஸ், ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல முதலியோருடன் 1943இல் கொழும்பில் '43 குழு'வைத் தொடங்கியவர். 1950களில் இங்கிலாந்து சென்று, இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். ஆயினும் அவர் திரும்பத் திரும்ப வரைந்தது, தாம் விட்டுவந்த தெஹிவளைக் கடற்கரையை நினைவூட்டும் ஒரு கரையையே. நெடிய மரங்கள், அகன்ற நீர், அடிவானம், இடையே அசைவற்ற சில மனிதர். முகங்களில் விவரம் குறைவு. அவர்கள் எதையும் செய்வதாகத் தெரியவில்லை, நிற்கிறார்கள், அமர்ந்திருக்கிறார்கள்.

புலம்பெயர்ந்த ஒருவரின் நினைவுக் கரை என்று இதனை விளக்குவது பொருத்தமே. ஆனால், ஹரி பீரிஸின் இல்லமாயிருந்து இன்று சபுமல் பவுண்டேஷனாக விளங்கும் வீட்டில் அவ்வோவியங்களின் முன் நின்றபோது, எனக்கு எங்கள் வாவிதான் நினைவுக்கு வந்தது.

வாவிக்கு இரு கரைகள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. போர்க்காலத்தில் எழுவான்கரையிலுள்ள நகரம் படையினர் வசமும், படுவான்கரை 2007 வரை நீண்டகாலம் புலிகள் வசமும் இருந்தன. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் இறால் பண்ணைத் தொழிலாளரும் ஊரவரும் கொல்லப்பட்டனர். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தோருள் 158 பேரைப் படையினர் கொண்டுசென்றனர். அவர்கள் திரும்பவில்லை. நீரைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பெண்ணுருவை எம்மவர் அழகுக்காக மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியுமா?

பீரிஸ் எங்களை நினைத்து வரையவில்லை. அதை மறந்து, அவருடைய ஓவியத்தின் மீது எங்கள் துயரை ஏற்றுவது நேர்மையாகாது. எனினும், முகத்தையும் செயலையும் அவர் குறைத்ததனால் அவ்வுருவங்களில் காத்திருப்பு ஒன்றே எஞ்சுகிறது. யாருக்காக என்பதைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்கிறார். ஓவியர் திறந்துவிட்ட இடம் அது. எங்கள் வாசிப்புக்கும் அவ்வளவுதான் உரிமை.

கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியம் பயிலும் இளையோர் வாவியை இன்னும் வரைவார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தோணியில் ஒருவரை நிறுத்துமுன், அவர் எந்தக் கரையிலிருந்து வருகிறார், எந்தக் கரையில் அவருக்காக யார் நிற்கிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.